விழுந்தவர் பெயர் எந்தப் பதிவேட்டில்?

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் லாம்ப்டனின் நில அளவைக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. அரை டன் எடைக் கருவி சுவரில் மோதிச் சிதைந்ததை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. கயிறு இழுத்தவர்களின் பெயர்களை எழுதவில்லை.

இன்றும் அதே நிலைதான். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கம் நிலம் அளப்பதைப் பாருங்கள். சர்வேயரின் கண் கருவியில் இருக்கும். கம்பு பிடிப்பவர் அவருடைய கைச்சாடையைப் பார்த்தபடியே பின்னால் நகர்வார். காலடியில் இருப்பது வழுக்கும் உப்பள வரப்பா, முட்புதர் மூடிய பள்ளமா என்று யார் பார்ப்பது?

ஊர் எல்லைக் கல்லைக் காட்டும் வேலை அன்று வெட்டியானுக்கு இருந்தது. இன்று கம்பும் கல்லும் சுமக்க நாள்கூலிக்கு அழைக்கப்படுவோரில் நம் தெருப் பிள்ளைகளே அதிகம். விழுந்து இடுப்பு முறிந்தால், ஆட்டோ காசோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

வேலையில் நேரும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்தாலும் வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால், அன்று அவர் வேலையில் இருந்தார் என்பதற்கே சான்று இல்லாதபோது எதை வைத்துக் கேட்பது?

நாம் கேட்பது பெரிதல்ல. அரசு அளவையோ தனியார் அளவையோ, அளக்கும் முன் உதவியாளர் பெயரும் கூலியும் பதிவாக வேண்டும். விபத்து நேர்ந்தால் அன்றே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு சென்ட் நிலத்துக்கும் கணக்கு வைப்பவர்கள், அதை அளக்க உதவும் மனிதனையும் கணக்கில் எழுதட்டும்.