கழுத்திற் பட்ட பந்து

கொல்ப் ஆட்டத்திற் பந்து கோலின் முகத்திற் படாது, தண்டு செருகப்பட்ட கழுத்திற் பட்டு, வலக்கையாட்டக்காரருக்கு வலப்புறமாகச் சீறிப் பறப்பதை 'ஷாங்க்' என்பர். இது கற்றுக்குட்டிகளுக்கே உரிய பிழை என நம்மவர் நகைப்பது பொருந்தாது. 1972ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் பெபிள் பீச்சில், ஜாக் நிக்லசுடன் முதலிடத்துக்குப் பொருதிய ஜொனி மில்லர், இறுதிநாளிற் பதினாறாங் குழியில் இவ்வாறே அடித்தார். ஈற்றில் மேலதிகக் குழியாட்டத்தில் வெற்றி நிக்லசுக்காயிற்று. அம்மில்லரே மறு ஆண்டில், இறுதிச் சுற்றை 63 அடிகளில் முடித்து, அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றார்.

முகத்தின் நடுவுக்கும் கழுத்துக்கும் இடையே ஓரிரு அங்குலமே உண்டு. உடற்பாரம் குதிகாலை விட்டு விரல்களுக்குச் சாயின், கைகள் முன்தள்ளப்பட, அவ்விடைவெளி மறைந்துவிடும். அஞ்சியவரோ பந்தை விட்டு விலகி நிற்கிறார். எட்டியடிக்க முற்பட்டு மேலும் முன்சாய்கிறார்! 'மனத்தைத் திடப்படுத்து' என்னும் அறிவுரையை வகுப்பறையில் நானும் வேண்டிய மட்டும் வழங்கியவன், பயன் கண்டிலேன். அதனினும், பந்துக்குச் சற்று அப்பால் ஒரு மரமுளையை நட்டு, அதிற் கோல் படாவண்ணம் அடித்துப் பழகுக எனல் மேல். பிடியையும் சிறிது தளர்த்துக.