பருவம் இல்லாத நாட்டின் வசந்தம்

நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் மலேசியத் திருநாட்டில் வசந்தம் என்று தனியே ஒரு பருவம் இல்லை. இங்கே மரங்கள் ஒருசேர இலையுதிர்ப்பதும் இல்லை. ஒருசேரத் துளிர்ப்பதும் இல்லை. ஆண்டின் தொடக்கத்து வெயில் வாட்டியபின் ஒரு மழை பெய்ததும், சாலையோரத்து டெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பாய்ப் பூத்துச் சில நாள்களில் உதிர்ந்துவிடும். இயற்கை நமக்குக் காட்டும் அடையாளம் அவ்வளவே. பங்குனி உத்திரத்திற்குக் கோயிலில் கொடியேறும்போதுதான், ‘இதோ, இளவேனில் வாசலுக்கு வந்துவிட்டது’ என்று நம் நெஞ்சம் உணர்கிறது. பருவம் நமக்குத் திருவிழாவைத் தரவில்லை; திருவிழாவே நமக்குப் பருவத்தைத் தருகிறது.

விளையாட்டு இரசிகரின் வாழ்வும் இத்தகையதே. அவருக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. பங்குனி பிறக்கும் மார்ச் மாதம் என்றால், பூப்பந்து இரசிகருக்கு இங்கிலாந்தில் நடைபெறும் அனைத்து இங்கிலாந்துப் போட்டியே நினைவுக்கு வரும். எடி சூங் ஒற்றையர் பட்டத்தை நான்கு முறை வென்ற போட்டி அது. நம்மவரான பஞ்ச் குணாளன், இங் பூன் பீயுடன் இணைந்து 1971ஆம் ஆண்டு இரட்டையர் பட்டம் வென்ற போட்டியும் அதுவே. குளிர் தணியும் அந்நாட்டிலிருந்து வரும் செய்திக்காக இங்கே வெப்பத்தில் விழித்திருந்து காத்திருப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு.

‘யாரோ ஓட, யாரோ ஆட, நமக்கென்ன இலாபம்?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பை எண்ணிக் கவலைப்படும் பெற்றோரின் கேள்வி அது. ஏளனம் செய்து ஒதுக்கத் தக்கதன்று. அதற்கு விடை தரும் பங்குனி நாள் ஒன்று நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6. சித்திரை பிறக்கச் சில நாள்களே இருந்தன. 1957இல் நாட்டின் விடுதலை முழங்கிய அதே மெர்டேக்கா அரங்கத்தில், மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெறும் காற்பந்துப் போட்டியில் மலேசியாவும் தென்கொரியாவும் மோதின. சோ சின் ஆன், சந்தோக் சிங், ஹசான் சானி, ஜேம்ஸ் வோங் எனப் பல இனத்தாரும் தோளோடு தோள் நின்ற அணி அது. கோல் வாயிலைக் காத்தவர் ஆர். ஆறுமுகம், நீண்ட கரங்களால் பந்தைப் பற்றும் திறத்திற்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடிய தமிழர். ஆட்டம் முடியும் தறுவாயில் ஜேம்ஸ் வோங் அடித்த கோலால் மலேசியா 2-1 என வென்றது. அரங்கம் அதிர்ந்தது.

ஆனால், அந்த அணி மாஸ்கோ செல்லவில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்து ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. வென்ற வீரர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். ஒலிம்பிக் களத்தைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை.

இலாப நட்டக் கணக்குப் பார்த்தால் அந்த வெற்றியால் விளைந்தது ஒன்றுமில்லை. ஆயினும், அந்த நாளைக் கண்டவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படம் அந்த அணியின் கதையைத் தழுவி எடுக்கப்பட்டபோது, அன்று பிறந்திராத பிள்ளைகளும் திரையரங்கில் ஆரவாரம் செய்தார்கள். பறிபோனது பயணம், மகிழ்ச்சியை எவராலும் பறிக்க இயலவில்லை. தேர்வடம் பிடிப்பவர் கூலி கேட்பதில்லை. தேர் அசையும்போது, அதில் தம் கையும் இருந்தது என்ற நிறைவே அவருக்குப் போதும். இரசிகரின் இன்பமும் அத்தகையதே.

தோல்வியிலும் அது குன்றுவதில்லை. லீ சோங் வெய் 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் தோற்றார். இலண்டனில் லின் டானிடம் மூன்றாவது ஆட்டத்தை 19-21 என இழந்தபோது நாடே கலங்கியது. அதனால் அவர்மீது மக்கள் கொண்ட அன்பு குறைந்ததா? கூடிற்று என்றே சொல்ல வேண்டும். உதிர்ந்த மரத்தைக் கைவிடாமல் மறு பூப்பை எதிர்நோக்குவதே இரசிகரின் பண்பு.

இன்று அந்தப் பண்பு தேய்ந்து வருகிறதோ என்று அஞ்ச வேண்டியுள்ளது. தோட்டங்களில் வாழ்ந்த காலத்தில் கோயிலும் காற்பந்துத் திடலும் நம் மக்களின் இரு கூடங்களாக இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, கோயிலை எப்பாடு பட்டேனும் உடன் கொண்டுவந்தோம். திடலைக் கொண்டுவர இயலவில்லை. இன்றைய இளையர் பலருக்கு ஆங்கிலக் குழுக்களின் ஆட்டக்காரர் அனைவரின் பெயரும் தெரிகிறது. ஆறுமுகம் யார் என்று தெரிவதில்லை. அயல்நாட்டு ஆட்டத்தைப் பார்ப்பது குற்றமன்று. நம் அணி தோற்ற மறுகணமே கைப்பேசியில் வசைமாரி பொழிவதும், உள்ளூர்ப் போட்டிகளில் இருக்கைகள் வெறுமையாய்க் கிடப்பதும்தான் வருந்தத் தக்கவை. வெற்றிக்கு மட்டும் வருபவர் விருந்தாளி. தோல்விக்குப் பிறகும் வருபவரே உறவினர்.

எனவே, பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைத் திருவிழாவுக்கு அழைத்து வருவது போலவே, ஆண்டில் ஒரு நாளேனும் உள்ளூர் விளையாட்டரங்கிற்கும் அழைத்துச் செல்லுங்கள். அந்த அணி வெல்லுமா என்று பார்க்காதீர்கள். அறிமுகமில்லாத மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே கோலுக்கு ஒன்றாய் எழுந்து நிற்கும் அக்காட்சியைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். தனக்கென எதுவும் கிட்டாதபோதும் பிறர் வெற்றியில் மகிழக் கற்ற பிள்ளை, வாழ்வில் பொறாமையால் வாட மாட்டான்.

வசந்தம் தானாக வந்து சேராத நாடு இது. கொடியேற்றி, கூடிநின்று, காத்திருந்து, நாமேதான் அதை அழைத்துக்கொள்ள வேண்டும்.