கழுத்துக்கு வந்த பாரம்

யானையை வாங்கிக் கட்டிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறவர்களை நம்மவர்கள் பரிகசிப்பதுண்டு. காமிரா வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் காரியமும் ஏறக்குறைய அதுதான். லென்ஸைப் பற்றி மாதக் கணக்கில் விசாரிக்கிறார்கள். நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். தவணைப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டு விடுகிறார்கள். அவ்வளவு விலையுயர்ந்த வஸ்து எதில் தொங்கப் போகிறது என்று கேட்டால், "பெட்டியோடு ஒரு பட்டை வந்ததே, அது போதாதா?" என்கிறார்கள். கம்பெனியின் பெயரைக் கொட்டை எழுத்தில் தாங்கிவரும் அந்தப் பட்டைக்குப் பெயரைத் தாங்கும் சக்தி நிச்சயமாக உண்டு. காமிராவையும் அது தாங்கக் கூடும். ஆனால் அதை மாட்டிக்கொள்ளும் கழுத்து என்ன பாடுபடும் என்பதே நமது கேள்வி.

கடைக்காரர்கள் இதை ஸ்ட்ராப் என்கிறார்கள். வார் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறபடியால் நாம் அதையே வைத்துக்கொள்வோம். ஆகவே, இந்த வாரம் வாரைப் பற்றிய விசாரணை.

கைப்பேசியில் படம் எடுப்பவர்களுக்கும், சட்டைப் பையில் அடங்கும் சிறு காமிரா வைத்திருப்பவர்களுக்கும் இதனால் யாதொரு கவலையுமில்லை. கலியாண வீடுகளிலும் பறவைச் சரணாலயங்களிலும் பெரிய காமிராவோடு உலாவுகிறவர்களுக்கே இந்த விஷயம் முக்கியம். ஓர் உதாரணம் பார்ப்போம். நிக்கான் கம்பெனியாரின் டி 850 என்ற காமிரா, பாட்டரியுடன் சுமார் 1,005 கிராம். கலியாணங்களில் அதிகமாகக் காணப்படும் 70-200 மில்லி மீட்டர் லென்ஸில் அவர்கள் செய்த ஒரு வகை 1,430 கிராம். மேலே ஒரு ஃபிளாஷ் விளக்கையும் பொருத்திவிட்டால் மொத்தம் மூன்று கிலோவை எட்டி விடுகிறது.

இவ்வளவு கனம் எதற்கு என்று கேட்கலாம். கண்ணாடிக்காகத்தான். 200 மில்லி மீட்டர் லென்ஸ், எஃப் 2.8 என்ற அளவுக்குத் திறக்க வேண்டுமானால், இருநூறை 2.8 ஆல் வகுத்துப் பார்த்தால் வருகிறபடி, சுமார் 71 மில்லி மீட்டர் அகலமுள்ள வழி ஒளிக்கு வேண்டும். மங்கலான மண்டபத்திலும் மணமகளின் முகம் தெளிவாக விழுவது அந்த அகன்ற கண்ணாடிகளின் புண்ணியமே. ஆகையால் நல்ல படம் வேண்டும் என்பவர் பாரத்தையும் ஏற்றுத்தான் ஆகவேண்டும். பாரத்தைக் குறைக்க முடியாது. அதை உடம்பில் எங்கே வைப்பது என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானத்தைச் செய்து கொடுப்பதுதான் வாரின் வேலை.

வளர்ந்த மனிதனுடைய தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ வரையில் இருக்கும். அதை நாள் முழுவதும் நிமிர்த்தி வைத்திருப்பதே கழுத்துக்குப் போதுமான உத்தியோகம். அதன்மேல் மூன்று கிலோவை மாட்டினால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தலை இன்னொன்றை மார்பின்மேல் தொங்கவிட்டதற்குச் சமானமாகிறது. அந்தப் பாரம் பிடரியை முன்னால் இழுக்க, பின்புறத்துத் தசைநார்கள் விடாமல் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அரைமணி நேரத்துக்கு இது ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரமானால் நன்றாகவே தெரியும்.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது கலியாணப் போட்டோ எடுத்துப் பிழைக்கிறார். மாலை வரவேற்பில் தொடங்கினால் மறுநாள் முகூர்த்தம் முடியும் வரையில் காமிரா அவர் உடம்பை விட்டு இறங்காது. இருபத்தெட்டு வயதிலேயே அவர் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்புவதில்லை, உடம்பையே திருப்புகிறார். மரியாதைக்காகத்தான் முழுவதும் திரும்பி நிற்கிறார் என்று வெகுநாள் வரையில் பலர் நினைத்திருந்தார்களாம்! அவருக்குத் தொழிலைக் கொடுப்பது காமிராவா, கழுத்தா என்று யோசித்தால் இரண்டும்தான். காமிரா கெட்டால் தவணையில் வேறொன்று வாங்கலாம். கழுத்துக்குத் தவணை ஏற்பாடு எதுவும் கிடையாது.

அவர் நிற்கும் அதே மண்டபத்தில், நாலடி தூரத்தில், இந்தப் பிரச்னைக்கு விடை நெடுங்காலமாக நின்றுகொண்டிருக்கிறது. ஊர்வலத்தில் தவில் வித்துவானைக் கவனித்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். காமிராவைவிடப் பன்மடங்கு கனமான வாத்தியத்தை அவர் பிடரியில் மாட்டிக்கொள்வதில்லை. அகலமான துணி நாடாவைத் தோளின்மேல் போட்டு, தவிலை உடம்போடு அணைத்து நிறுத்திக்கொள்கிறார். தலையும் கைகளும் சுயேச்சையாக இருப்பதால்தான் தாளத்துக்குத் தலையசைக்கவும் முடிகிறது. தோளில் ஏற்று, அகலமாக ஏற்று, உடம்பை ஒட்டி ஏற்று: நல்ல வாரின் இலட்சணம் முழுவதும் இந்த மூன்றில் அடங்கியிருக்கிறது.

இனிக் கடையில் கிடைக்கும் வகைகளைப் பார்ப்போம். பிடரியில் மாட்டும் வார் ஒன்றரைக் கிலோவுக்கு உட்பட்ட காமிராவுக்கு, அதுவும் சிறிது நேரத்துக்கு, சரி. ஒரே தோளில் பை மாட்டுவது போல் மாட்டிக்கொள்வது அதைவிடச் சங்கடமானது. தோள் சரிவாக இருப்பதால் வார் நழுவும். நழுவாமலிருக்க நம்மை அறியாமலே தோளைத் தூக்கிக்கொள்கிறோம். மாலையில் அந்தத் தோள் வலிக்கிறது. பூணூல் போலக் குறுக்காக மாட்டும் வாரில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு தோளில் ஏறி மறுபக்கத்து இடுப்பருகில் காமிரா தங்குகிறது. இவற்றில் சிலவற்றில், வார் தோளில் அசையாமலிருக்க, காமிரா மாத்திரம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு கண்ணுக்கு வரும். பெரும்பாலானவர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது இந்த வகையையே.

இரண்டு காமிராக்களோடு வேலை செய்பவர்களுக்கு இரு தோள்களிலும் ஏறி முதுகில் சேரும் இரட்டை வார் உகந்தது. பாரம் இருபுறமும் சமமாகப் பிரிவதால் முதுகெலும்பு ஒருபக்கம் சாயாது. மணிக்கட்டில் மாட்டும் சிறு கயிறு கனமான காமிராவுக்கு ஏற்றதன்று. கைப்பிடியோடு சேர்ந்து புறங்கையை அணைக்கும் பட்டை, பிடியை உறுதிப்படுத்துமே தவிர, பாரத்தைத் தோளுக்கு மாற்றாது.

அடுத்தபடியாக அகலம். தலைச்சுமைக்காரர் சும்மாடு வைத்துக்கொள்வது எதற்காக? அதே சுமை அதிக இடத்தில் பரவினால் உறுத்தல் குறையும் என்ற காரணத்துக்காகத்தான். ஒரு சென்டி மீட்டர் வாரைவிட ஐந்து சென்டி மீட்டர் வார் தோளின்மேல் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தமே கொடுக்கிறது. கனமான காமிராவுக்கு நாலு சென்டி மீட்டருக்குக் குறையாத அகலம் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஓரங்களும் மழமழப்பாக இருக்க வேண்டும். அகலமாக இருந்தும் ஓரம் கூராக இருந்தால், தோளில் பட்டையாகக் கிடக்காமல் கயிறு போல் அறுக்கும்.

வார் எதனால் ஆனது என்பதும் பார்க்கவேண்டியது. தோல் பார்வைக்குக் கம்பீரமானது. பழகப் பழக உடம்புக்கு இசையும். ஆனால் நம் ஊர் வியர்வையில் நனைந்தும் காய்ந்தும் நாளடைவில் வெடிப்பு விடும். நைலான் பட்டை பலத்தில் இணையற்றது, வியர்வைக்கும் அஞ்சாது. நியோப்ரீன் என்னும் ரப்பர் மெத்தை மிருதுவானது. ஆனால் அது நீண்டு சுருங்குவதால் வேகமாக நடக்கும்போது காமிரா ஊஞ்சலாடும். பருத்தி உடம்புக்கு இதமானது. நனைந்தால் காய நேரமாகும். தோளுக்கு மெத்தை, மற்ற பாகமெல்லாம் நைலான் என்று இரண்டும் சேர்ந்த வார் நமது சீதோஷ்ணத்துக்குப் பொருத்தமானது. நைலான் வாரில் படிந்த வியர்வை உப்பை அவ்வப்போது நல்ல தண்ணீரில் அலசிவிடுவது நலம்.

நிற்க. சௌகரியத்தைப் பற்றிச் சொன்னோம். பத்திரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதி விஷயமே சொன்னதாகும். வார் அநேகமாக நடுவில் அறுவதில்லை. அது காமிராவோடு சேரும் இடத்தில்தான் ஆபத்து நேருகிறது. பாரமே தெரியாத ஆகாசவெளியிலும் இதே கதைதான். 1966 ஜூலையில் ஜெமினி 10 விண்கலத்திலிருந்து வெளியே வந்த மைக்கேல் காலின்ஸ் தம் காமிராவை அங்கே இழந்தார். 2006 டிசம்பரில் சுனிதா வில்லியம்ஸ் விண்ணில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவருடைய காமிராவும் கட்டிலிருந்து விடுபட்டு மிதந்து போய்விட்டது. அங்கே மிதந்தது, இங்கேயானால் மண்டபத்துத் தரையில் விழும்.

ஆகவே இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். குறுக்கு வார்கள் சில, காமிராவின் அடியிலுள்ள கால் அங்குலத் திருகுத் துவாரத்தில் மாட்டப்படுகின்றன. நடக்கும்போது காமிரா ஆடித் திரும்பத் திரும்ப அந்தத் திருகு மெல்ல மெல்லத் தளரும். அப்படிப்பட்ட வாரில் காமிராவின் பக்கவாட்டு வளையத்துக்கு இன்னொரு சிறு கயிறும் கட்டாயம் இருக்க வேண்டும். திருகு கழன்றாலும் கயிறு காப்பாற்றும். பட்டையைக் கொக்கியில் கோக்கும்போது அதன் நுனியை மறுபடியும் உள்ளே மடித்துச் செருகி, பலமாக இழுத்துப் பார்க்கவேண்டும். அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும் பூட்டுகளில் சத்தத்தை நம்பக்கூடாது. ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே கையை எடுக்கவேண்டும்.

நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கூழைக்கடாவைப் படம்பிடிக்கப் போகிறவர் 200-500 மில்லி மீட்டர் லென்ஸைக் கொண்டுபோனால், நிக்கானின் அவ்வகை லென்ஸ் மாத்திரமே 2,300 கிராம். காமிராவைவிட லென்ஸ் இரண்டு மடங்கு கனம். அப்போது வாரைக் காமிராவில் கட்டினால் லென்ஸ் முழுவதும் அதன் வாயிலுள்ள வளையத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். லென்ஸின் நடுவில் முக்காலிக்காக வைத்திருக்கும் பாதத்தில் வாரைச் சேர்த்தால் பாரம் இருபுறமும் சமமாக நிற்கும்.

பறவைகளையும் யானைகளையும் படம்பிடித்துப் புகழ்பெற்ற மா. கிருஷ்ணன் (1912-1996), 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர். பல பாகங்களைத் தாமே சேர்த்து உருவாக்கிய பெருங்காமிரா ஒன்றுக்கு அவர் 'சூப்பர் பாண்டெரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். பெயரைச் சொல்லும்போதே பாரம் தெரிகிறதல்லவா? பாரத்தோடு சிநேகமாக இருக்கக் கற்றவர்களே காட்டில் நெடுந்தூரம் நடக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் பரீட்சை செய்து பார்க்க வழியுண்டா? உண்டு; அதற்கு அரிசி போதும். நண்பர் ஒருவரின் வாரை இரவல் வாங்கி, உங்கள் காமிராவும் லென்ஸும் சேர்ந்த எடைக்கு அரிசியைத் துணிப்பையில் கட்டி, அதில் தொங்கவிட்டு வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடமாடுங்கள். மாடிப்படி ஏறுங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், பாதகமில்லை. எங்கே அறுக்கிறது, எங்கே நழுவுகிறது, குனிந்தால் எங்கே போய் இடிக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாங்கிய பிறகு மாதம் ஒருநாள் தையல், வளையம், கொக்கி, திருகு ஆகிய நான்கையும் வெளிச்சத்தில் பார்ப்பது வழக்கமாக வேண்டும். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் அது தானாகச் சரியாகப் போவதில்லை. மேஜைமேல் காமிராவை வைக்கும்போது வாரை ஓரத்தில் தொங்கவிடாமல் சுருட்டி வையுங்கள். தொங்குகிற எதையும் இழுத்துப் பார்ப்பது குழந்தைகளின் பிறப்புரிமை.

காமிராவே இல்லாத குடும்பங்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடும். அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் ஒரு போட்டோக்காரர் வரத்தானே போகிறார்! அவரை முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள். சாப்பிடுகிற அந்தக் கால்மணி நேரம் காமிராவைக் கழற்றி வைப்பதற்கு, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் ஒரு ஜமக்காளத்தை விரித்துக் கொடுத்து, வீட்டுப் பையன் ஒருவனைக் காவலுக்கு நிறுத்துங்கள். மாலை மாற்றும் வேளையில் அவர் கழுத்து நிமிர்ந்திருந்தால் உங்கள் வீட்டுப் படமும் நன்றாக விழும்.