வீட்டுக்கு ஒரு சிட்டை



இந்த மாதம் வரியைப் பற்றி எழுதவில்லை. மளிகை லிஸ்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். சென்ற மாசியில் நம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவருக்கும் அவருடைய முப்பது வருஷ வாடிக்கைக் குடும்பத்துக்கும் உறவு அறுந்தது இந்த லிஸ்டினால்தான்.

மகன் போனில் இரண்டு கிலோ துவரம்பருப்பு கேட்டார். சாயங்காலம் மருமகள் அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மறுநாள் மாமியார் வேலை செய்யும் பெண்ணிடம் சொல்லியனுப்பினார். கடைப் பையன் மூன்று தடவையும் கட்டிக் கொடுத்தான். மூன்றும் பற்றில் ஏறின. இப்படியே பல மாதம். சம்பா அறுத்துப் பணத்தோடு வந்தபோது கணக்கு நாலாயிரத்துச் சொச்சம் உதைத்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தவறு நம் பக்கம்தான் என்பேன். ஒரே வீட்டுக்கு மூன்று வாயிலிருந்து ஆர்டர் எடுத்தது நாம்தானே?

என் தகப்பனார் தஞ்சை கீழவாசலில் சில்லறைக் கடை வைத்திருந்தபோது வாடிக்கை வீடுகளுக்கு நீள நோட்டு ஒன்று கொடுப்பார். அது அடுக்களை ஆணியில் தொங்கும். எது தீர்ந்தாலும் பார்த்தவர் எழுதுவார். அம்மா எழுதிய மிளகாய் வற்றலுக்குக் கீழே பிள்ளை பென்சிலில் 'கடலை மிட்டாய்' என்று எழுதியிருக்கும். பெரியவர் அதை அடித்திருப்பார். மாதம் பிறந்ததும் வீட்டில் ஒருவர் பார்த்துக் கோடு கிழித்துக் கையெழுத்துப் போடுவார். கோட்டுக்குக் கீழே இருப்பது கடையில் நிறுக்கப்படாது. 1962-ல் மெட்ரிக் எடை கட்டாயமாகி வருஷங்கள் ஆன பிறகும் பாட்டிமார் புளியை வீசையில்தான் எழுதினார்கள். தகப்பனார் பக்கத்தில் '1 கிலோ 400' என்று போட்டு நிறுப்பார். அதே வரியில் விலையும் எழுதி நோட்டு வீட்டுக்கே திரும்பும். அந்த நோட்டும் நம் பேரேடும் ஒத்துப் போகும்; வழக்குக்கு இடமில்லை.

இன்னொன்று. நம் டெல்டாவில் சொந்த நிலம் உள்ள வீட்டுச் சிட்டையில் அரிசி இருக்காது. நெல் பத்தாயத்தில் இருக்கும். 2012-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. செப்டம்பர் 17-ல்தான் திறந்தார்கள். குறுவை போயிற்று, சம்பாவும் பல இடங்களில் காய்ந்தது. அடுத்த வருஷம் என்னிடம் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர் வந்து, "மூன்று வீட்டு நோட்டில் முதல் தடவையாக அரிசி எழுதியிருக்கிறது, அண்ணே. முந்திரியைக் காணோம்" என்றார். அந்த வீடுகளுக்குப் பாக்கி கேட்டு அவர் ஆள் விடவில்லை. என்னிடம் தவணை கேட்டார், கொடுத்தேன். அடுத்தடுத்த அறுவடைகளில் பணம் வந்து சேர்ந்தது. மூலைக்கொன்றாக வரும் போன் செய்திகளில் இதையெல்லாம் யார் படிப்பது?

போன் மேல் எனக்கு விரோதம் இல்லை. என் பேத்தி வீட்டில் எல்லோரும் போனில் ஒரே குறிப்பில் எழுதுகிறார்கள். ஒருவர் வாங்கி அடித்தால் மற்றவர் போனிலும் அடிபடுகிறது. அதுவும் ஒரே சிட்டைதான், நல்ல ஏற்பாடு. (2018 நவம்பரில் கஜா அடித்துப் பட்டுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது நோட்டுத்தான் பேசியது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.)

ஆகவே வாடிக்கை வீடுகளில், "லிஸ்ட் யார் கையிலிருந்து வரும்?" என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஆள் கேட்டால், "முந்தாநாள் இரண்டு கிலோ போயிருக்கிறதே, அம்மா" என்று சொல்லுங்கள். அன்றைக்கு இரண்டு கிலோ விற்காது. மொத்த வியாபாரியான எனக்கும் அது நஷ்டம்தான். போகட்டும்.

இருப்பு, தேவை, விலை என்று மூன்று பத்தி போட்ட நோட்டுகள் கொஞ்சம் அடித்து வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க வரும்போது கிடங்கில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசு வேண்டாம்.