மூன்று சக்கரம்

நடைவண்டிக்கு ஏன் மூன்று சக்கரம்? மேடுபள்ளமான மண்தரையில் நாலு சக்கர வண்டி ஓடினால் ஒன்று அந்தரத்தில் நிற்கும்; வண்டி ஆடும். மூன்று சக்கரம் எப்படிப்பட்ட தரையிலும் பதிந்து உட்காரும். இதை முதலில் கண்டுகொண்ட தச்சர் யாரோ, காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டிய சிறுதேருக்கும் மூன்று கால்தான் என்கிறது பட்டினப்பாலை. கோழியை விரட்ட வீசிய கனத்த காதணி குறுக்கே கிடந்து அந்தத் தேரை மறித்ததாம். பிள்ளைகள் காலிலும் பொன். அப்படிப்பட்ட வீடுகள்.

பட்டினப்பாலை பாடிய அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் காட்டும் இன்னொரு தேர்தான் என்னை உறுத்துகிறது. தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படி செய்த தேர் அது. அதை உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியிடம் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். செவிலி வைத்துக்கொள்ளும் வீடு தச்சர் வீடாக இருந்திருக்காது. உளிச்சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை, அந்தத் தேர் வேறு வீட்டு முற்றத்தில் உருள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். அந்தக் காலத்தில் எல்லாக் குழந்தைக்கும் மரப்பொம்மை கிடைத்தது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பிற்காலத்தில் எளிய வீடுகளுக்கும் நடைவண்டி வந்ததென்றால் அது மிச்சக் கட்டையின் புண்ணியம். நிலையும் சன்னலும் செய்ய வந்த ஆசாரி, வேலை முடிகிற அன்று துண்டுக்கட்டைகளைப் பொறுக்கி, வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வண்டி இழைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். இன்று கதவு பூட்டோடு கடையிலிருந்து வந்து இறங்குகிறது. பிளாஸ்டிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆசாரியும் துண்டுக்கட்டையும் முற்றத்தைவிட்டுப் போனதும் ஒரு காரணம்.

கடை வாக்கர் அந்த இடத்தை நிரப்பவில்லை. பிள்ளையை உள்ளே உட்காரவைத்து நகரவிடும் அந்தச் சாதனத்தைக் கனடா 2004இல் தடையே செய்துவிட்டது. வாக்கரோடு படிக்கட்டில் உருண்டு அடிபட்ட குழந்தைகள் ஏராளம். நடைவண்டியிலோ பிள்ளை தன் காலில் நிற்கிறது. அதற்காகப் படிப்பக்கம் விட்டுவிட்டு இருந்துவிட முடியாது; பெரியவர் கண் வேண்டும்.

ஆசாரி வராவிட்டால் என்ன, தாத்தாவோ அப்பாவோ செய்யலாம். பழைய கட்டில்கால், பூவரசங்கட்டை, எதுவானாலும் சரி. சிராய் இல்லாதபடி உப்புத்தாள் போடுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள். பல் முளைக்கிற பிள்ளை முதலில் கைப்பிடியைத்தான் கடிக்கும். பெயின்டில் ஈயம் இருக்கலாம். சக்கரத்தைக் கொஞ்சம் இறுக்கமாகவே அச்சில் மாட்டுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடும் வண்டி பிள்ளையைக் குப்புறத் தள்ளிவிட்டுத் தான் மட்டும் போய்விடும்.

இறுக்கமான சக்கரம் கிறீச்சிடும். எண்ணெய் விட வேண்டாம். பிள்ளை கூடத்தில் இருக்கிறதா, வாசலுக்குப் போய்விட்டதா என்று அடுப்படியில் இருப்பவருக்கு அந்தச் சத்தம்தான் சொல்லும்.