பிஎச்பி என்றால் இளக்காரமா?

"பிஎச்பி எல்லாம் ஒரு மொழியா சார்?" என்று கேட்பது இன்றைய இளம் பொறியாளர்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது.

கோணல்கள் உண்டு, மறுக்கவில்லை. சரத்துக்குள் தேடும் ஃபங்ஷனுக்குத் தேடும் இடத்தை முதலில் தரவேண்டும். அர்ரேக்குள் தேடுவதற்குத் தேடும் பொருளை முதலில் தரவேண்டும். இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பூஜ்யமும் "அம்மா"வும் ஒன்று என்று சாதித்தது. 2020-இல் 8-ஆம் பதிப்பு வந்துதான் அது திருந்தியது.

ஆனால், ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த இணையப் பக்கத்துக்காகச் செய்து, 1995-இல் வெளியிட்ட கருவி இது. எச்டிஎம்எல் நடுவே நாலு வரி எழுதி சர்வரில் ஏற்றினால் போதும், பக்கம் ஓடும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கி, பக்கத்தைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒருவர் பக்கத்துப் பிழை பெரும்பாலும் அடுத்தவரைத் தொடாது. ஒரே சர்வரில் பலருக்கு மலிவாக இடம் கொடுக்க இது தோதாக இருந்தது. கணினிப் பட்டம் இல்லாதவரும் சொந்தத் தளம் வைத்தார்.

வேர்ட்பிரஸ் பிஎச்பி. நீங்கள் தினமும் புரட்டும் தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும் பிஎச்பிதான்.

மொழியின் குறையைத் தாராளமாகச் சொல்லுங்கள், திருத்துவார்கள். நேர்காணலுக்கு வந்த பையனிடம் "ஓ, பிஎச்பியா?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அவன் எழுதியது ஓடுகிறதா என்று பாருங்கள்.