இடிக்கக் கூடாத குளிசைகள்



அண்மையில் வயதான தாயார் ஒருவர் பிரஷர் திடீரென இறங்கி, மயங்கி விழுந்து, இரண்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு எம்மிடம் வந்தார். அவருக்கு நாம் எழுதிக் கொடுத்தது நிஃபெடிபின் என்னும் நீண்டநேரக் குளிசை. நாளுக்கு ஒன்று போதும். மலத்தோடு குளிசை முழுதாக வெளியேறுவதைக் கண்ட அவர், "இது கரையுதில்லைப் பிள்ளை, இடிச்சுத் தா" என்று மருமகளிடம் கேட்டிருக்கிறார். மருமகளும் அக்கறையோடு இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார்.

வெளியே வந்தது குளிசை அல்ல, வெறும் கோது. இவ்வகைக் குளிசையின் கோதில் லேசர் கதிரால் இட்ட நுண்ணிய துளை ஒன்று உண்டு. குடலிலுள்ள நீர் உள்ளே ஊற, அடியிலுள்ள படை வீங்கி, மருந்தை அத்துளை வழியாக 24 மணி நேரமும் சிறிது சிறிதாக வெளியே தள்ளும். மருந்து முடிந்ததும் கோது கழிவோடு போய்விடும். நீரிழிவுக்கான நீண்டநேர மெட்ஃபோர்மினிலும் சிலருக்கு இப்படி மிச்சம் தெரிவதுண்டு. பயப்படத் தேவையில்லை.

ஆனால் இடித்தால், ஒரு நாளைக்குரிய மருந்து குறுகிய நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். கடும் நோவுக்குக் கொடுக்கும் நீண்டநேர மோர்ஃபினை இடித்துக் கொடுத்தால் மூச்சே நின்றுவிடலாம்.

பிழை அந்த மாமியிலும் இல்லை, மருமகளிலும் இல்லை. 1990களில் பொருளாதாரத் தடை காலத்தில் வடக்கில் கிடைத்த மருந்தைப் பாதியாக்கிப் பகிர்ந்தவர்கள் நாம். மருந்து வீணாகக் கூடாது என்பது எம்மவர் இரத்தத்தில் ஊறிய எண்ணம். குளிசையை எழுதிக் கொடுத்த வைத்தியர்களாகிய நாமே கோதைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். "முழுதாக விழுங்கவும்" என்பதை ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வாசிக்கவில்லை என்று குறை கூறுவது நியாயமல்ல.

குளிசையின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எம்.ஆர்., எக்ஸ்.எல்., எல்.ஏ. போன்ற எழுத்துகள் இருந்தால் இடிக்காதீர்கள், சப்பாதீர்கள். நடுவில் கோடுள்ள சிலவற்றைப் பாதியாக உடைக்கலாம், ஆனால் பாமசியில் கேட்ட பின்னரே. விழுங்கக் கஷ்டம் என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பல மருந்துகளுக்குத் திரவமோ வேறு வகையோ உண்டு. நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

இன்றே வீட்டிலுள்ள மருந்துப் பெட்டிகளை எடுத்துப் பாருங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளையைக் கொண்டு, உரிய பெட்டிகளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவியுங்கள்: "அம்மம்மா, இதை இடிக்க வேண்டாம்."